மலையேறும் பூச்சியும் சமவெளிச் செடியும்

அந்துப்பூச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சிறகிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் அதன் வாழ்வைத் தீர்மானிப்பது புழுப் பருவத்தில் அது கடித்த இலை. மலைவாழ் அந்துப்பூச்சிகளில் அந்த இலையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்காது. பூச்சி பறக்கும் சரிவிலேயே செடியும் இருக்கும். பிரிட்டனில் பிரேமார் என்னும் ஸ்காட்லாந்து ஊரைச் சுற்றிய மலைகளில் மட்டும் வாழும் சைகீனா எக்சுலன்ஸ் பூச்சியின் புழு, கற்களுக்கிடையே தரையோடு படரும் குரோபெர்ரிப் புதரைத் தின்கிறது. குளிர் அதிகம் என்பதால் அது முதிர்வதற்கு ஓராண்டு போதுவதில்லை. திபெத், நேபாள உயர்மலைப் புல்வெளிகளில் தித்தாரோடெஸ் பேரினத்துப் புழுக்கள் மண்ணுக்குள் கிடந்து வேர்களைத் தின்றபடி ஆண்டுக்கணக்கில் வளர்கின்றன. அவற்றைப் பற்றிக் கொல்லும் பூஞ்சையைத்தான் யார்சாகும்பா என்ற பெயரில் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். செடியும் புழுவும் ஒரே இடத்தில், ஒரே குளிரில், மெதுவாக. மலையின் பொதுவழக்கம் இது.

ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைகளின் போகாங் அந்துப்பூச்சி இந்த வழக்கத்துக்குள் வராது. விக்டோரியா மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான 1,986 மீட்டர் போகாங் மலை இதே பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்தப் பூச்சியைத் தின்ன மலைக்கு வந்த பழங்குடிகள் உண்டு. இதையே நம்பிக் குட்டி வளர்க்கும் விலங்கும் அங்கே உண்டு. ஆனால் இந்தப் பூச்சி மலையில் ஒரு முட்டைகூட இடுவதில்லை. அதன் புழு தின்னும் செடி அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கோதுமையும் பருத்தியும் விளையும் சமவெளியில் இருக்கிறது. போகாங்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி குகையையும் வானத்தையும் பற்றியது. எனக்கோ, இந்தப் பூச்சியின் கதை முழுவதும் அந்தச் செடியிடம் இருப்பதாகவே படுகிறது.

முதலில் அதன் ஆண்டுச் சுழற்சி. ஆஸ்திரேலியாவில் பருவங்கள் நமக்கு நேர்மாறானவை. ஜூனில் குளிர், டிசம்பரில் கோடை. தெற்கு குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதியிலும் மேற்கு விக்டோரியாவிலும் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலங்களிலும் வயல்களிலும் இலையுதிர் காலத்தில் தாய்ப்பூச்சி முட்டையிடுகிறது. ஒரு தாய் 2,000 முட்டைகள் வரை இடக்கூடும். குளிர்காலம் முழுவதும் புழு வளர்கிறது. பகலில் மண்ணுக்குள் பதுங்கி, இரவில் மேலே வந்து இலையையும் தண்டையும் கடிக்கிறது. பிறகு மண்ணிலேயே சிற்றறை குடைந்து கூட்டுப்புழுவாகி, வசந்தத்தில் பூச்சியாக வெளிப்படுகிறது. வெளிப்பட்டதும் இணை தேடாமல் மலைக்குக் கிளம்புகிறது. கோடை முழுவதையும் மலைப்பாறைக் குகைகளில் அசையாமல் கழித்துவிட்டு, பிப்ரவரிக்குப் பிறகு அதே பூச்சியே சமவெளிக்குத் திரும்பி, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது.

1950களின் தொடக்கத்தில் கான்பெராவுக்கு அருகிலுள்ள ஜிஞ்செரா மலையில் இயன் காமன் என்னும் பூச்சியியலாளர் இவற்றை ஆராய்ந்தார். 1954இல் அவர் வெளியிட்ட கட்டுரையைத் தவிர்த்துவிட்டு இன்றும் யாரும் போகாங்கைப் பற்றி எழுத முடியாது. குகைச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17,000 பூச்சிகள் என்ற கணக்கு அவருடையது. ஒவ்வொரு பூச்சியும் முன்னே இருக்கும் பூச்சியின் சிறகுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்கிறது. கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல் பாறை முழுவதும் பழுப்பு மூடிக்கிடக்கும். மலைக்கு வரும்போது அவற்றின் வயிற்றுப் பகுதியில், உலர் எடைக் கணக்கில் பாதிக்கு மேல் கொழுப்பு. புழுவாக இருந்தபோது தின்ற இலையும், வழியில் யூகலிப்டஸ், கிரெவில்லியா போன்ற மரங்களின் பூக்களில் குடித்த தேனும்தான் அந்தக் கொழுப்பு.

அப்படியானால் அந்த இலை எது? பழைய பயிர்ப் பாதுகாப்பு ஏடுகளில் விடை சிதறிக் கிடக்கிறது. மேய்ச்சல் நிலங்களில் கேப்வீட், மெடிக் என்ற இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேப்வீட் சூரியகாந்திக் குடும்பத்துக் களை. தரையோடு இலை விரித்து, வசந்தத்தில் மஞ்சளாகப் பூப்பது. மெடிக் நம்மூரில் மாட்டுத் தீவனமாக விதைக்கும் குதிரைமசாலின் பேரினத்தைச் சேர்ந்த சிறு பயறுவகைச் செடி. இரண்டும் அகன்ற இலை கொண்டவை. இரண்டும் இலையுதிர் கால மழைக்கு முளைத்து, குளிரில் வளர்ந்து, கோடை வெயில் ஏறுமுன் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும் ஒருபருவச் செடிகள். பயிர்களில் குதிரைமசால், முட்டைக்கோசு, பீட்ரூட், பட்டாணி, உருளைக்கிழங்கு, இளங்கோதுமை ஆகியவையும் பட்டியலில் உண்டு. கோதுமை புல்லினம்தான், ஆனால் அது புழு விரும்பித் தேர்ந்த உணவல்ல. விதைப்புக்காகக் களையை உழுது புரட்டிவிட்டால், மண்ணுக்குள் பசியோடு கிடக்கும் புழுவுக்கு மேலே எஞ்சுவது புதிதாக முளைத்த நாற்றுதான். அதன் தண்டை மண்மட்டத்தில் கத்தரித்துவிடும்.

இதை நீலகிரி உருளை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வெட்டுப்புழு என்று அழைப்பது, போகாங் சேர்ந்திருக்கும் அதே அக்ரோட்டிஸ் பேரினத்துப் புழுவைத்தான். இரவில் வெட்டிப் பகலில் மண்ணுக்குள் மறையும் குணமும் அதேதான். குடும்பமே வயலுக்குப் பகையானது. மலைக்குகையில் வழிபாட்டுக்குரிய அமைதியோடு தொங்கும் போகாங்கின் இளமைப் பருவம் ஒரு சாதாரண வெட்டுப்புழுவின் இளமை என்பதைக் காட்டுயிர் எழுத்தாளர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் குறிப்பிடுகிறார்கள்.

அது வளரும் மண்ணும் நமக்குத் தெரிந்த வகைதான். காமன் குறிப்பிட்ட இனப்பெருக்க நிலங்களில் முக்கியமானவை, ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் பாளம் பாளமாக வெடித்து, மேற்பரப்பில் தானே பொலபொலவென உதிரும் கரிசல் வகை நிலங்கள். பகலெல்லாம் மண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டிய புழுவுக்கு அப்படிப்பட்ட நிலம் தோதானது. கல் இறுகிய மலைச்சரிவில் அந்த வசதி ஏது?

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். நவம்பரில் சிறகு முளைத்த பூச்சி ஏன் அங்கேயே முட்டையிடுவதில்லை? வெயிலுக்குத் தப்பி மலைக்கு ஓடுகிறது என்பது வழக்கமான விடை. சமவெளிக் கோடை கடுமையானது, குகை குளிர்ந்தது என்ற அளவில் அது சரி. ஆனால் வெயிலுக்குத் தப்ப மண்ணிலேயே கூட்டுப்புழுவாகக் கிடந்திருக்கலாமே! எத்தனையோ பூச்சிகள் அப்படித்தான் கிடக்கின்றன. செடியின் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் படம் துலங்குகிறது. கோடையில் அந்த நிலங்களில் அகன்ற இலைக் களைகள் காய்ந்து, வெயில்காலப் புற்கள் மேலெழும்பும். நவம்பரில் இட்ட முட்டையிலிருந்து டிசம்பரில் வெளிவரும் புழுவுக்குக் கிடைப்பது சருகும் அதற்கு உகக்காத புல்லும்தான். அடுத்த மழை, அடுத்த கேப்வீட் முளை வரும்வரை ஐந்தாறு மாதங்களை எங்காவது கழித்தாக வேண்டும். வெயிலும் உணவின்மையும் தனித்தனிக் காரணங்கள் என்று நான் நினைக்கவில்லை. செடியைக் கருக்கும் அதே வெயில்தான் பூச்சியையும் விரட்டுகிறது. டாஸ்மானியாவிலும் ஈரப்பதமான கடலோரப் பகுதிகளிலும் இதே இனத்தில் இடம்பெயராமலே இனம் பெருக்குபவை உண்டு. பசுமை தொடரும் இடத்தில் மலை தேவைப்படுவதில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இந்த நூற்றாண்டின் மிக அழகான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், இரவில் மட்டும், முன்னே சென்று வந்த மூத்த பூச்சி எதுவும் இல்லாமல். தாய் முந்தைய இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டது. வழி சொல்லிக்கொடுக்க யாருமில்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட், டேவிட் டிரையர் குழுவினர் பூச்சியை மெல்லிய தண்டில் பொருத்தி, பறக்கும் திசையைப் பதிவுசெய்யும் அரங்கை அமைத்தார்கள். 2018இல் வந்த முதல் முடிவு, பூமியின் காந்தப் புலத்தைக் கண்ணில் படும் அடையாளங்களோடு பொருத்திப் பார்த்து அவை திசை பிடிக்கின்றன என்றது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. காந்தப் புலத்தை நீக்கிவிட்டு, இரவு வானத்தின் பிம்பத்தை மட்டும் மேலே காட்டியபோதும் பூச்சிகள் தங்கள் பருவத்துக்குரிய திசையில் பறந்தன. வானத்தை 180 பாகை திருப்பினால் அவையும் திரும்பின. விண்மீன்களைச் சிதறடித்துக் காட்டினால் குழம்பின. நெடுந்தூரப் பயணத்துக்கு விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்ளும் முதுகெலும்பற்ற உயிர் எனத் தெரியவந்த முதலாவது இதுதான். மேகம் மூடினால் காந்தப் புலம் கைகொடுக்கும்.

இத்தனை நுட்பமும் இருந்தும் பூச்சி தேடிப்போவது ஒரு காத்திருப்பு மண்டபத்தை. உணவோ இணையோ அங்கே இல்லை. இதை மறந்துவிட்டால் குகையே அதன் வீடு என்ற மயக்கம் வந்துவிடும்.

காத்திருக்கும் பூச்சியை மலை சும்மா விடுவதில்லை. ஜார்ஜ் பென்னட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1834இல் வெளியிட்ட பயண நூலிலேயே, கோடையில் பழங்குடிகள் கூட்டங்கூட்டமாக மலைக்கு வந்து பூச்சி சேகரித்ததை விவரித்திருக்கிறார். புகை போட்டு உதிர்த்து, சூடான சாம்பலில் வாட்டி, சிறகும் தலையும் நீக்கித் தின்றார்கள். இடித்து அப்பமாகத் தட்டியும் வைத்துக்கொண்டார்கள். ஜோசபின் ஃபிளட் 1980இல் இந்த வேட்டையை மையமாக வைத்தே தனி நூல் எழுதினார். விக்டோரியாவின் பக்கன் ஊருக்கு அருகிலுள்ள கிளாக்ஸ் குகையில், குனாய்குர்னை மக்களின் பங்கேற்போடு 2019இல் நடந்த அகழாய்வில் ஒரு சிறு அரைகல் கிடைத்தது. அதன் மேற்பரப்பில் போகாங்கின் எச்சங்கள் இருந்தன. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள்.

அந்த அரைகல் உணவுச்செடி ஆய்வுக்கும் ஒரு கேள்வியை வைக்கிறது. தொல்லியலாளர்கள் அதைக் கேட்கவில்லை, பூச்சியியலாளர்கள் கேட்டிருக்க வேண்டும். கேப்வீட் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. மெடிக் செடிகள் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தவை. இரண்டும் ஐரோப்பியக் குடியேற்றத்தோடு, ஆட்டுக் கம்பளியிலும் தீவன விதையிலும் ஒட்டி நுழைந்த செடிகள். 2,000 ஆண்டுகளுக்கு முன் அரைகல்லில் நசுங்கிய பூச்சியின் புழு இவற்றைத் தின்றிருக்க முடியாது. அன்று சமவெளியில் குளிர்காலத்தில் முளைத்த உள்நாட்டு அகன்ற இலைச் செடிகளே அதைத் தாங்கியிருக்க வேண்டும். ஆட்டு மேய்ச்சலும் ஏரும் அந்தச் செடிகளைப் பெரும்பாலான நிலங்களில் ஒதுக்கித் தள்ளின. அவற்றின் இடத்தில் வந்த அயல் களைகளுக்குப் புழு தன்னை மாற்றிக்கொண்டது. பல வகை அகன்ற இலைகளையும் தின்னும் வாய் உள்ள புழு என்பதால் தப்பியது. ஒரே செடியை நம்பிய பூச்சியாக இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போயிருக்கும்.

சமவெளியில் தின்றதை மலையில் சேர்ப்பது இந்தப் பூச்சியின் வேலையாகவே ஆகிவிட்டது. ஒரு நல்ல ஆண்டில் மலையேறும் பூச்சிகள் 440 கோடி வரை இருக்கலாம் என ஒரு மதிப்பீடு உண்டு. அத்தனை கொழுப்பும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வறிய மலைமண்ணுக்கு வந்து சேர்கின்றன. காகங்கள், பிற பறவைகள், பல்லிகள், நரிகள் என்று பலரும் பந்தியில் உண்டு. சில புழு ஒட்டுண்ணிகள் குகைத்தரையின் குப்பையிலேயே காத்திருந்து, அடுத்த ஆண்டு வரும் பூச்சிகளைப் பற்றிக்கொள்கின்றன.

சத்தோடு நஞ்சும் ஏறுகிறது. 2001இல் கென் கிரீனும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்று இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் எழுத்துகளில் ஒன்று. பெருமழைக்குப் பின் ஒரு போகாங் குகையின் வாயிலில் தண்ணீர் வழிந்த தடம் முழுவதும் புல் கருகிக் கிடந்தது. சோதித்தபோது மண்ணில் ஆர்செனிக். பூச்சிகளின் உடலிலும் அதே ஆர்செனிக், அவற்றைத் தின்ற சிறு பாலூட்டிகளின் எச்சத்திலும். ஒரு பூச்சியில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் ஆயிரக்கணக்கில் இறந்து உதிரும் உடல்கள் குகைத்தரையில் ஆண்டுதோறும் சேர்கின்றன. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் உரமோ பூச்சிமருந்தோ யாரும் போடவில்லை. விவசாய நிலத்து நஞ்சு தானே பறந்து வந்து இறங்கியிருக்கிறது. செடிக்கும் மலைக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இந்தத் தொடர்பில் மிகவும் சிக்கிக்கொண்டிருப்பது மலைக் குள்ளப் பொசம் என்னும் சிறு பைப்பாலூட்டி. 1895இல் ராபர்ட் புரூம் இதைப் புதைபடிவமாக விவரித்தபோது அது எப்போதோ அழிந்த விலங்கு என்றே கொள்ளப்பட்டது. 1966இல் ஹோத்தாம் மலையின் பனிச்சறுக்கு விடுதி ஒன்றுக்குள் உயிரோடு பிடிபட்டது. எடை 45 கிராம் அளவில். பனிக்கடியில் மாதக்கணக்கில் உறங்கி, வசந்தத்தில் மெலிந்து எழும். எழும் வேளையில் பாறையிடுக்குகளில் கொழுத்த போகாங் வந்து இறங்கியிருக்க வேண்டும். அதை நம்பித்தான் அந்த விலங்கு குட்டி போடும் காலமும் அமைந்திருக்கிறது. கோடைக் கடைசியில் பிளம்-பைன் புதரின் விதைகள் உதவும். வசந்தத்தில் பூச்சிக்கு மாற்று எதுவும் இல்லை.

2017 வசந்தத்தில் பூச்சி வரவில்லை என்றே சொல்லிவிடலாம். வழக்கமாகப் பூச்சிகள் பாறையை மூடிக் கிடக்கும் குகைகளில் ஒற்றை இலக்க எண்ணிக்கையில் தேட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டும் அப்படியே. தாய்ப் பொசம்கள் பைக்குள் இருந்த குட்டிகளை இழந்தன. கிரீனும் அவருடைய கூட்டாளிகளும் 1951 முதல் 2020 வரையான பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1980களிலிருந்தே மெல்லிய இறக்கம் இருந்ததும் 2017இல் அது பாதாளத்துக்குச் சரிந்ததும் தெரியவந்தன. சரிவு சில கணக்குகளில் 99.5 விழுக்காட்டைத் தொட்டது. 2021 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போகாங்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது.

காரணத்தை மலையில் தேடிப் பயனில்லை. 2017 முதல் 2019 வரை முர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையை வாட்டிய வறட்சி இனப்பெருக்க நிலங்களின்மேல் நேராக அமர்ந்தது. இலையுதிர் கால மழை பொய்த்தால் கேப்வீட் முளைக்காது, மெடிக் முளைக்காது. முட்டையிலிருந்து வந்த புழுவுக்கு வெறும் மண். 2020இல் மழை திரும்பியதும் பூச்சியும் ஓரளவு திரும்பியது, பழைய அளவுக்கு அல்ல. வறட்சி அந்தத் திடீர்ச் சரிவைப் பெரும்பாலும் விளக்கிவிடுகிறது. 1980களிலிருந்து தொடரும் மெல்லிய இறக்கத்துக்கு விளக்கம் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதே காலத்தில்தான் அந்த நிலங்களில் உழவு முறை மாறியது. மேய்ச்சல் நிலம் பயிர்நிலமானது. தரிசு விடும் நிலத்தில் களையை மேயவிடாமலும் உழாமலும் களைக்கொல்லி தெளித்துச் சுத்தமாக வைத்து, மண்ணின் ஈரத்தைச் சேமிக்கும் பழக்கம் பரவியது. விவசாயிக்கு அது நல்ல உழவு. புழுவுக்கு அது மழை பெய்த ஆண்டிலும் வறட்சி.

பொதுமக்களின் கவனமோ விளக்கின் பக்கம் திரும்பியது. கான்பெரா நகரம் பூச்சியின் பாதையில் இருக்கிறது. 1988இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒளிவெள்ளம் வசந்தந்தோறும் போகாங் கூட்டங்களை இழுத்துச் சிக்கவைத்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பாடகி ஒருவரின் ஆடையில் ஒரு போகாங் அமர்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சரிவுக்குப் பின் விக்டோரியா விலங்குக்காட்சிச்சாலை அமைப்பு, பூச்சிக்காக விளக்கணைக்கும் இயக்கம் தொடங்கியது. பூச்சியைக் கண்டவர்கள் பதிவுசெய்ய ஒரு வலைத்தளமும் அமைத்தது. பட்டினி கிடக்கும் பொசம்களுக்காகத் தனி பிஸ்கட்டும் உருவாக்கியது. நல்ல வேலைகள்தாம். விளக்கணைப்பதால் பயணத்தில் இருக்கும் பூச்சி பிழைக்கும். பிறக்காத பூச்சிக்கு அதனால் பயனில்லை.

வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சியை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் நெடும்பயணி. மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிரைக் கழித்துத் திரும்புவது. அதன் உணவுச்செடி நம் எருக்கின் உறவான மில்க்வீட். மொனார்க் குறையத் தொடங்கியதும் சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி மில்க்வீட்டை ஒழித்ததைப் பேசினார்கள். பள்ளிகளிலும் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் அந்தச் செடியை நட்டார்கள். அது அந்த மண்ணின் செடி, பூவும் அழகு. போகாங்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேப்வீட்டை நடுங்கள் என்று எந்த இயற்கைப் பாதுகாவலரும் சொல்ல மாட்டார். அது அயல் களை, ஒழிக்க வேண்டிய பட்டியலில் இருப்பது. புழுவும் பயிர்ப்பகை. அழியும் ஆபத்திலுள்ள ஓர் உயிர், ஒழிக்கப்பட வேண்டிய செடியைத் தின்று, விவசாயியின் நாற்றை வெட்டி வளர்கிறது. பாதுகாப்புச் சட்டங்கள் எழுதுபவர்கள் இப்படியொரு உயிரை நினைத்து எழுதுவதில்லை. குகைகள் கோசியுஸ்கோ போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. புழு வளரும் நிலத்தில் பெரும்பகுதி தனியார் பட்டா நிலம்.

உள்நாட்டு அகன்ற இலைச் செடிகளை வேலியோரங்களிலும் மேய்ச்சல் பாதைகளிலும் மீட்டெடுப்பது ஒரு வழி. அவற்றில் எதெது புழுவுக்கு உகந்தது என்பதை ஆய்வகத் தட்டில் இலை வைத்துப் பார்ப்பது பெரிய செலவில்லாத வேலை. புழு எதை, எங்கே தின்றது என்று அறிய, சிறகிலிருந்தே தொடங்கும் இன்னொரு வழியும் இருக்கிறது. புழுவாக இருந்தபோது தின்ற செடியின் வேதியியல் சுவடு பூச்சியின் சிறகில் தங்கிவிடும். கோதுமையும் கேப்வீட்டும் ஒரு வகைக் கார்பன் விகிதத்தையும், வெயில்காலப் புற்கள் வேறொன்றையும் விட்டுச்செல்லும்; ஹைட்ரஜன் விகிதம் எந்தப் பகுதியின் மழைநீர் என்பதைக் காட்டும். மெக்சிகோவில் குளிர்காலம் கழித்த மொனார்க்குகள் எங்கே பிறந்தவை என்பதை 1998இலேயே இந்த முறையில் கண்டுபிடித்தார்கள். குகைத்தரையில் செத்து உதிர்ந்த சிறகுகளுக்கு ஜிஞ்செராவிலும் போகாங் மலையிலும் பஞ்சமில்லை. அவற்றைச் சேகரிப்பவர்கள் கோடையில் குகைக்குப் போவதோடு நில்லாமல், ஜூன் மாதத்தில் தெற்கு குவீன்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் கரிசலிலும் இறங்கி, எந்த வயலில் எந்தக் களை எத்தனை புழுவைத் தாங்குகிறது என்று எண்ண வேண்டியிருக்கும். அதற்கு முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். வெட்டுப்புழுவை வளர்க்க வந்திருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்துக்கொண்டு போக வேண்டும்.